தலையில் அடிபட்டபின் ஆட்டம்: வடசென்னை மைதானங்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு பழைய கேள்வி

தலையில் அடிபட்ட ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் தொடரலாமா? இந்தக் கேள்விக்கு மருத்துவமும் விளையாட்டும் கடந்த நூறாண்டில் பலமுறை பதிலை மாற்றிக்கொண்டுள்ளன. எழுந்து நின்றால் ஆடலாம் என்றார்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் ஆடலாம் என்றார்கள். இப்போது, சந்தேகம் வந்தாலே அன்று ஆடக்கூடாது என்கிறார்கள். புதுப் பதில் வந்ததும் பழையது ஒழிந்துவிடவில்லை. மூன்றும் இன்று ஒரே மைதானத்தில் அருகருகே நடமாடுகின்றன.

வியாசர்பாடி, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரங்களில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. கார்னரில் இருந்து பந்து உயரமாக வருகிறது. இருவர் எம்புகிறார்கள், மண்டையோடு மண்டை மோதுகிறது. கீழே கிடப்பவரின் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். கண் முன் கையை நீட்டி "எத்தனை விரல்?" என்கிறார்கள். பதில் சரியாக வந்துவிட்டால் போதும், கைதட்டல், ஆட்டம் தொடர்கிறது. மருத்துவர் இல்லாத இடத்தில், ஓரிரு நிமிடத்துக்குள், அடிபட்டவரும் அவருடைய அணியும் சேர்ந்தே எடுக்கும் முடிவு இது. இதைப் பற்றி உலகம் இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறது, அதில் எவ்வளவு இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிங் சொன்ன முதல் பதில்

இந்தக் கேள்வி முதலில் எழுந்தது கால்பந்தில் அல்ல, குத்துச்சண்டையில். வடசென்னைக்கும் அந்த வரிசைதான் பொருந்தும். ஆங்கிலேயச் சிப்பாய்களும் மாலுமிகளும் கொண்டுவந்த குத்துச்சண்டையைத் துறைமுகத்தை ஒட்டிய மீனவர்களும் கூலித் தொழிலாளர்களும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் எனப் பரம்பரைகள் பிரிந்தன. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று சுவரொட்டிகள் கூவின. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வெளிவந்தபோது வடசென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அந்த உலகம் தெரியவந்தது. ஆங்கிலோ இந்தியரான நாட் டெர்ரியோடு மோதிய அருணாசலம் என்ற வீரர் அந்தச் சண்டையால் இறந்தார் என்றும், பிறகு கித்தேரிமுத்து டெர்ரியை வீழ்த்தினார் என்றும் ஒரு கதை அங்கே வாய்வழியாகச் சொல்லப்படுகிறது. அதில் நினைவில் நிற்பது பழிதீர்த்த வெற்றிதான். அருணாசலத்தின் தலைக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ரிங்கின் விதி எளிமையானது. பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் சண்டை தொடரும். ஆனால் அந்த எண்ணிக்கை சோதிப்பது காலை, மூளையை அல்ல. 1928இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் இதை மருத்துவ இதழில் எழுதினார். பல ஆண்டுகள் குத்து வாங்கியவர்களிடம் நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் கை நடுங்குவதையும் மனம் மந்தமாவதையும் அவர் பதிவு செய்தார். 1969இல் பிரிட்டனில் ராபர்ட்ஸ் என்ற மருத்துவர் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 224 பேரைப் பரிசோதித்து, சுமார் 17 சதவீதத்தினரிடம் நரம்பு மண்டலப் பாதிப்பைக் கண்டார். 1973இல் கார்செலிஸ் குழு, இறந்த 15 வீரர்களின் மூளையை ஆராய்ந்து, சேதம் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டியது.

சென்னைக்கு இதில் ஒரு தனித் தொடர்பு உண்டு. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். ஊரே திரண்டது. நான்கு ஆண்டுகளில் அலிக்கு பார்க்கின்சன் நோய் அறிவிக்கப்பட்டது. எல்லிஸ் முதுமையில் நினைவிழப்பு நோயில் பல ஆண்டுகள் வாடி 2014இல் இறந்தார். அலியின் நோய்க்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆகவே இதை ஆதாரமாக முன்வைக்க முடியாது. ஆனாலும் அந்த மாலையில் கைதட்டிய தலைமுறை அறிந்த மிகப் பெரிய இரு வீரர்களுடைய பிற்காலமும் இப்படித்தான் முடிந்தது.

இதற்கு வந்த எதிர்வினைகள் இரண்டு வகை. தடை செய்யச் சொன்னது ஒன்று. சுவீடன் 1970இலும் நார்வே 1981இலும் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தன, பிற்காலத்தில் இரண்டுமே தடையை நீக்கின. உலக மருத்துவச் சங்கமும் 1983இல் தடை கோரியது. சீர்திருத்தச் சொன்னது மற்றொன்று. 1982இல் லாஸ் வேகஸில் தென்கொரிய வீரர் கிம் துக் கூ மோதலுக்குப் பிறகு இறந்ததும், உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12 சுற்றாகக் குறையத் தொடங்கின. அமெச்சூர் குத்துச்சண்டையில் ரிங்கின் ஓரத்தில் மருத்துவர் இல்லாமல் சண்டை தொடங்கக் கூடாது, நாக் அவுட் ஆனவர் குறைந்தது ஒரு மாதம் பயிற்சிச் சண்டைகூடப் போடக்கூடாது, அந்த ஓய்வு அவருடைய பதிவேட்டில் ஏற வேண்டும் என்று பன்னாட்டு விதிகள் வந்தன.

தலைக்கவசக் கதை இதில் ஒரு கிளை. 1984 ஒலிம்பிக்கில் கட்டாயமான கவசத்தை 2013இல் ஆண்கள் பிரிவில் பன்னாட்டுச் சங்கமே கழற்றச் சொன்னது. கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், ஆனால் மூளை குலுங்குவதைத் தடுக்காது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. கவசம் வாங்கித் தந்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைக்கும் கால்பந்துப் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு முரண் கண்ணில் படுகிறது. எதிரியின் தலையைக் குறிவைப்பதே ஆட்டமாகக் கொண்ட விளையாட்டில் அடிபட்டவருக்கு எழுதி வைத்த ஓய்வு இருக்கிறது. தலையில் அடிபடுவதை விபத்தாகக் கருதும் விளையாட்டில், உள்ளூர் அளவில், அது இல்லை. ராயபுரத்தில் ஒரே தெருவில் பாக்ஸிங்குக்குப் போகும் அண்ணனும் ஃபுட்பாலுக்குப் போகும் தம்பியும் இருந்தால், விதிப்படி பாதுகாப்பு அதிகம் அண்ணனுக்குத்தான். வாத்தியாரிடம் போய் அதைச் சொன்னால் அவரே நம்பமாட்டார்.

தரம் பிரித்த காலம்

1980களிலும் 90களிலும் அமெரிக்க மருத்துவர்கள் தலையடியை லேசு, நடுத்தரம், கடுமை என்று பிரித்தார்கள். அமெரிக்க நரம்பியல் கழகம் 1997இல் வெளியிட்ட வரையறை இதில் புகழ்பெற்றது. நினைவு தப்பவில்லை, குழப்பம் 15 நிமிடத்துக்குள் தீர்ந்துவிட்டது என்றால் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கலாம் என்றது அது.

நடைமுறைக்கு வசதியான பதில் இது. அதனால்தான் மைதானத்தில் இன்றும் பிழைத்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் ஆட்டம் கண்டது. முதலாவது, மயங்கி விழுந்தாரா என்பதையே கடுமையின் அளவுகோலாக வைத்தது. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை என்று பிறகு தெளிவானது. இரண்டாவது, அறிகுறிகள் உடனே வராமல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். 15 நிமிடத்தில் 'தெளிந்தவர்' மாலையில் வாந்தி எடுக்கலாம், மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்கச் சிரமப்படலாம். தரவரிசைகளுக்குப் பின்னால் இருந்ததும் பெரும்பாலும் நிபுணர்களின் அனுபவம்தான், சோதித்துப் பார்த்த ஆதாரம் அல்ல. 2000க்குப் பிறகு அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

சந்தேகம் வந்தால் வெளியே

2001இல் வியன்னாவில் ஃபிஃபா, ஒலிம்பிக் குழு, பனி ஹாக்கி சம்மேளனம் மூன்றும் கூட்டிய மாநாட்டிலிருந்து இன்றைய பதில் பிறந்தது. பிராக், சூரிச், பெர்லின் என்று தொடர்ந்து 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆறாவது கூட்டம் வரை அதன் சாரம் ஒன்றுதான். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் உடனே வெளியேற்று, அன்று திரும்ப அனுப்பாதே, படிப்படியாகத் திரும்ப விடு. இடையில் ஒரு தடுமாற்றமும் நடந்தது. 2008 சூரிச் அறிக்கை, தேர்ந்த மருத்துவர் குழு இருக்கும் இடத்தில் வயதுவந்தவர் அன்றே திரும்புவதற்குக் கொஞ்சம் கதவைத் திறந்து வைத்தது. 2012இல் அதே சூரிச்சில் அது மூடப்பட்டது.

இதன் உடலியல் காரணம் சுருக்கமாக இது. தலை சட்டென்று திரும்பும்போது மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தச் சமநிலையை மீட்க மூளைக்கு வழக்கத்தைவிட அதிகச் சக்தி தேவைப்படுகிறது, ஆனால் அதே நேரத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. இந்தப் பற்றாக்குறை நாள்கணக்கில் நீடிக்கலாம். அந்த இடைவெளியில் விழும் அடுத்த அடி, சிறியதாக இருந்தாலும், அதிகம் பாதிக்கும் என்பது கருத்து. இவை எதுவும் சி.டி. ஸ்கேனில் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'தொடர்ந்து ஆடினால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கே நேராகப் பதில் தேடிய ஒரு சிறிய ஆய்வு 2016இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. அடிபட்ட இளம் விளையாட்டு வீரர்கள் 69 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். உடனே வெளியேறியவர்கள் குணமாகச் சராசரியாக 22 நாளும், தொடர்ந்து ஆடியவர்கள் 44 நாளும் எடுத்துக்கொண்டார்கள். 69 என்பது பெரிய எண்ணிக்கை அல்ல. ஆனால் மைதானத்தில் எடுபடும் வாதம் இதில் இருக்கிறது. அரை மணி நேரம் ஆட ஆசைப்பட்டவர் மூன்று வாரத்தை இழக்கிறார்.

இந்த நிலைப்பாட்டுக்குப் பெரிய பயமாக நிற்பது 'இரண்டாம் அடி' பற்றிய எச்சரிக்கை. முதல் அடியிலிருந்து மீளாத இளைஞர் மறுபடி அடிபட்டு, மூளை வீங்கிச் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும் நிலை இது. 2011இல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் பலமுறை அடிபட்டும் தொடர்ந்து ஆட வைக்கப்பட்ட 14 வயது பென் ராபின்சன் இறந்தது பிரிட்டனை உலுக்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், இதேபோல அடிபட்டுத் திரும்ப இறங்கி உடல் ஊனமுற்ற சக்கரி லிஸ்டெட் என்ற மாணவர் பெயரில் 2009இல் சட்டமே இயற்றியது. ஆனால் இந்த நிலை மிக அரிது என்பதையும், இது முதல் அடியில்லாமலும் நேரலாம் என்று வாதிடுவோர் இருப்பதையும் மறைக்கக் கூடாது. அரிதான மரணத்தை மட்டும் சொல்லி எச்சரித்தால், அடுத்த பத்து முறை ஒன்றும் ஆகாதபோது எச்சரிக்கை சாயம் வெளுத்துவிடும். 22க்கு 44 என்ற கணக்கு அப்படி வெளுக்காது.

மாநாடுகளின் மேலும் விமர்சனம் உண்டு. கூட்டுவதும் செலவு செய்வதும் விளையாட்டு அமைப்புகளே என்பதால், நீண்டகாலத் தீங்கைப் பற்றிய தீர்ப்புகள் மென்மையாக வருகின்றன என்பது ஒரு குற்றச்சாட்டு. அறிக்கைகளின் முதன்மை ஆசிரியராக இருந்த பால் மெக்ரோரி, பிறர் எழுத்தை எடுத்தாண்டதாகப் புகார் எழுந்து 2022இல் பொறுப்பிலிருந்து விலகினார். அன்றே திரும்ப அனுப்பாதே என்ற அறிவுரையை இது பொய்யாக்கவில்லை. ஆனால் நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும் இனி வாதமாகாது.

முடிவு யாருடையது?

வயதுவந்தவர் தன் உடலுக்கு என்ன செய்வது என்று தானே தீர்மானிக்கட்டும் என்பது இன்னொரு தரப்பு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடலுக்குப் போவதும், துறைமுகத்தில் மூட்டை தூக்குவதும், எண்ணூர் ஆலைகளில் இரவு வேலை பார்ப்பதும்கூட உடலைப் பணயம் வைக்கும் வேலைகள்தான். ஏழை வீட்டுப் பிள்ளை தன் திறமையைக் கொண்டு முன்னேறும் ஒரே வழியில் பாதுகாப்பின் பெயரால் குறுக்கே நிற்பது யார் என்று கேட்பவரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த வாதம் தடுக்கி விழுவது ஒரே இடத்தில். முடிவெடுக்க வேண்டிய உறுப்பே அடிபட்டிருக்கிறது. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி ஆட்டக்காரரின் தோளில் மோதி விழுந்தார். எழுந்து மேலும் சுமார் கால் மணி நேரம் ஆடினார். நடுவர் ரிசோலியிடம் போய், இதுதானா இறுதியாட்டம் என்று கேட்டார். நடுவர் சக ஆட்டக்காரர் ஒருவரிடம் சொன்ன பிறகே அவர் வெளியேற்றப்பட்டார். அந்த ஆட்டம் தமக்குப் பெரும்பாலும் நினைவில்லை என்று பின்னர் கிராமரே சொன்னார். அதே போட்டித் தொடரில் உருகுவேயின் அல்வாரோ பெரேரா நினைவிழந்து கிடந்து எழுந்து, வெளியேறச் சொன்ன மருத்துவரோடு சண்டை போட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவக் குழுக்கள் ஓரத்தில் இருந்தும் நடந்தது இது. 'எத்தனை விரல்' கேட்கும் மைதானத்தில் என்ன எதிர்பார்ப்பது?

வடசென்னையில் இதற்குமேல் ஒரு சுமை இருக்கிறது. இங்கே பந்தாட்டம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, வேலைக்கான பாதை. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வங்கிகள் என்று அணி வைத்த நிறுவனங்கள் ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. தேர்வுக்கு ஆள் வந்து பார்க்கும் ஆட்டம், மாவட்ட அணிக்கான ஆட்டம், சான்றிதழ் கிடைக்கும் அரையிறுதி. இவற்றில் தலை சுற்றுகிறது என்று கையைத் தூக்குபவர் கண் முன்னாலேயே ஒரு வேலை நழுவுகிறது. அவரைப் பார்த்து 'உன் விருப்பம்' என்று சொல்வது அவருக்குத் தரும் சுதந்திரம் ஆகாது. சுமையை அவர் தலையிலேயே ஏற்றிவிட்டு ஒதுங்குவது.

மாற்று ஆட்டக்காரர்

ஆக, முடிவை அடிபட்டவரிடமிருந்து எடுத்து விதிக்குக் கொடுப்பது நான்காவது வழி. கால்பந்து விதிகள் வாரியம் 2021இல் தலையடிக்கான நிரந்தர மாற்று ஆட்டக்காரரைச் சோதனையாகத் தொடங்கி, 2024 ஜூலை முதல் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் ஏற்கும் விதியாக்கியது. அணிக்கு ஒருவர் வீதம், வழக்கமான மாற்றுகளின் கணக்கில் சேராமல் மாற்றலாம். எதிரணிக்கும் கூடுதலாக ஒரு மாற்று கிடைக்கும். வெளியேறியவர் திரும்ப முடியாது. இதைவிடத் தற்காலிக மாற்றே சிறந்தது என்று ஆட்டக்காரர் சங்கமும் சில பெரிய லீக்குகளும் வாதாடுகின்றன. பத்து நிமிடம் அமைதியாகச் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம், சந்தேகத்துக்கே ஆளை இழக்க வேண்டியதில்லை, ஆகவே அணிகள் துணிந்து வெளியே எடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. வாரியம் இன்னும் இணங்கவில்லை.

தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற பயத்தைத் தமிழ் ரசிகர்கள் கிரிக்கெட்டில் பார்த்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 4, கான்பெரா. சேலத்து நடராஜன் முதல் டி20 ஆடிய அதே ஆட்டம். ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அவர் இன்னிங்ஸ் முடியும்வரை அடித்தார். பிறகு அவருக்குப் பதிலாக இறங்கிய சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனும் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கொதித்தார். 2025 ஜனவரியில் புணேவில் துபேக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்தபோதும் அதே புகார். மாற்றிய அணிக்கு லாபம் என்பதே பேச்சாயிற்று. ஹெல்மெட்டில் பட்டவர் அந்த இன்னிங்ஸை ஏன் தொடர்ந்தார் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

நிரந்தரமா தற்காலிகமா என்ற இந்தச் சர்ச்சை ஐரோப்பிய லீக்குகளுக்கானது. உள்ளூர்ப் போட்டிகளில் கணக்கு வேறு. செவன்ஸ் ஆட்டங்களிலும் நினைவுக் கோப்பைகளிலும் மாற்று விதியை வகுப்பவர்கள் போட்டி நடத்துபவர்களே. அடிமட்டப் போட்டிகளில் வெளியேறியவர் திரும்ப வருவதைக்கூடப் பன்னாட்டு விதி அனுமதிக்கிறது. ஆள் இல்லாததால் ஆட வைத்தோம் என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஆனால் இதே சலுகை அடிபட்டவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்ப இறக்கவும் வழி செய்கிறது. தற்காலிக மாற்றின் பலம் அந்தப் பத்து நிமிடத்தில் சோதிக்க ஒரு மருத்துவர் இருப்பது. மருத்துவர் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் என்பது வெறும் காத்திருப்புதான். எனவே வசதியான இடத்தில் கொஞ்சம் நெகிழலாம், வசதியற்ற இடத்தில் நிரந்தரமாக வெளியேற்றுவதே பொருந்தும் என்று தோன்றுகிறது. பலர் இதை நேர்மாறாக நினைக்கிறார்கள்.

விரலை விட்டு வேறு கேள்வி

ஆஸ்திரேலிய ஆய்வாளர் மேடக்ஸ் 1995இல் ஒன்றைக் காட்டினார். பேர் என்ன, இன்று என்ன கிழமை போன்ற கேள்விகளுக்கு அடிபட்டவர்களும் சரியாகவே பதில் சொல்லிவிடுகிறார்கள். சிக்கிக்கொள்வது அண்மை நினைவில்தான். அவருடைய கேள்விகளை இங்கத்திய பேச்சில் போட்டால் இப்படி வரும். இப்ப எந்த கிரவுண்ட்ல இருக்கோம்? இது ஃபர்ஸ்ட் ஆஃபா, செகண்ட் ஆஃபா? கடைசி கோல் யார் போட்டது? போன மேட்ச் யாரோட ஆடுனோம்? ஜெயிச்சோமா? ஒன்றில் தடுமாறினாலும் அன்று ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகாது என்பது இதன் மறுபக்கம். வெறித்த பார்வை, தள்ளாட்டம், விழும்போது கை ஊன்றாமல் விழுந்தது, சில நொடி அசையாமல் கிடந்தது, இவற்றில் ஒன்று இருந்தால் கேள்வியே தேவையில்லை.

இன்னொரு குழப்பம் மருத்துவமனையில் நேர்கிறது. ஸ்டான்லிக்கோ ஜி.எச்.சுக்கோ போய் சி.டி. எடுத்து வந்ததும், 'ஸ்கேன் நார்மல், ஆடலாம்' என்று முடிவாகிறது. ஸ்கேன் தேடுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். அது நார்மல் என்றால் அறுவை தேவைப்படும் ஆபத்து தென்படவில்லை என்று பொருள், மூளை தேறிவிட்டது என்று அல்ல. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே கசிவு ஏற்பட்டவர் முதலில் நன்றாகப் பேசி, மணிக்கணக்கில் கழித்துச் சரிவதுண்டு. அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்று பாட்டிமார் சொல்வது இந்த அனுபவத்திலிருந்து வந்திருக்கலாம். இரவெல்லாம் விழித்திருக்க வைக்க வேண்டியதில்லை. தனியே விடாமல் கவனிப்பதே முக்கியம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத மயக்கம், கை கால் தளர்ச்சி வந்தால் 108ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

ஓய்வு பற்றிய அறிவுரையும் மாறிவிட்டது. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. முதல் ஓரிரு நாளுக்குப் பிறகு லேசான நடை நல்லது என்கிறார்கள். போட்டிக்குத் திரும்புவதில்தான் கண்டிப்பு. பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் மருத்துவர் வசதி இல்லாத அடிமட்ட விளையாட்டுக்கென்றே எழுதப்பட்டது. அது வைத்த எல்லை குறைந்தது 21 நாள்.

ஒரு மோதலா, ஆயிரம் ஹெட்டிங்கா?

இதுவரை பார்த்த பதில்கள் எல்லாம் ஒரு பெரிய அடியை மையமாக வைத்தவை. கடந்த இருபது ஆண்டுகளில் கேள்வியே இடம் மாறிவிட்டது. 2002இல் 59 வயதில் இறந்த இங்கிலாந்து முன்னணி ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்லின் மரண விசாரணை, வாழ்நாள் முழுக்க ஹெட் செய்ததால் வந்த தொழில்நோய் என்று தீர்ப்பளித்தது. தொழில்நோய் என்பது ஆலைகள் சூழ்ந்த இந்தப் பகுதிக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்து மூன்றாம் அட்டவணையில் ஈய நச்சும் நுரையீரல் தூசிநோயும் இடம்பெற்றன, சத்தத்தால் வரும் காதுகேளாமையும் பிறகு சேர்ந்தது. ஆட்டக்காரரின் மூளைநோய் அதில் ஏறவே இல்லை.

2019இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரை 23,028 பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். மூளைச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு. அந்த மடங்கைக் கேட்டு மலைப்பவர்கள் மூல எண்களையும் பார்க்க வேண்டும்: ஒரு பக்கம் 1.7 சதவீதம், மறுபக்கம் 0.5 சதவீதம். இதயநோயால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் குறைவாகவே இருந்தது. அதிகம் ஹெட் செய்யும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று அடுத்த ஆய்வு காட்டியது. 2023இல் சுவீடனில் 6,007 பேரை ஆராய்ந்தபோது ஆபத்து ஒன்றரை மடங்காக இருந்தது, கோல்கீப்பர்களுக்கு அது கூடவே இல்லை. இந்த வேறுபாடு ஹெட்டிங் மீதான சந்தேகத்தை வலுவாக்குகிறது, உறுதியாக்கிவிடவில்லை.

மாற்றுக்கருத்தும் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவை இன்று இறந்த பிறகே உறுதிசெய்ய முடியும். 2017இல் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் ஆடிய 111 பேரின் மூளையில் 110இல் அது இருந்தது என்ற செய்தி உலகை உலுக்கியது. ஆனால் அந்த மூளைகள் நோய் அறிகுறி கண்ட குடும்பங்கள் தானமாகத் தந்தவை, எனவே அந்த விகிதத்தை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் நீட்ட முடியாது. இத்தனைக்கும் நடுவில் முன்னெச்சரிக்கையே போதும் என்று அமெரிக்கா 2015இல் 10 வயதுக்குட்பட்டோருக்கு ஹெட்டிங்கை நிறுத்தியது. இங்கிலாந்தும் சிறுவர் பயிற்சியில் கட்டுப்பாடு விதித்துவிட்டது.

எஞ்சி நிற்பவை

அன்றே திரும்ப அனுப்பக் கூடாது என்பதில் இனிப் பெரிய சர்ச்சை இருக்கும் என்று தோன்றவில்லை. ஆதாரம் இன்னும் மெல்லியதுதான் என்றாலும், தவறு செய்தாலும் இழப்பு ஒரு ஆட்டம் மட்டுமே. மற்றவை திறந்தே இருக்கின்றன. ஹெட்டிங்கை எந்த வயதில் தொடங்குவது, வாரத்துக்கு எத்தனை பாதுகாப்பானது என்ற எண்களுக்குப் பின்னால் உறுதியான அளவீடு இல்லை. பெண்கள் கால்பந்தில் மூளை அதிர்ச்சி ஆண்களைவிட அதிகம் பதிவாகிறது. ஆனால் நீண்டகால விளைவு பற்றிய பெரிய ஆய்வுகள் ஆண்களைப் பற்றியவை, வடசென்னை மைதானங்களிலோ பெண்கள் அணிகள் பெருகிவருகின்றன. புல்தரையில், மருத்துவர் அருகில் ஆடிய ஐரோப்பியத் தொழில்முறையாளர்களின் கணக்கை, இறுகிய மண்ணிலும் சிமெண்டிலும் வாரம் இரண்டு ஆட்டம் ஆடும் ஒரு மெக்கானிக் பையனுக்கு எந்த அளவு பொருத்துவது என்பதும் தெளிவாகவில்லை.

தீர்க்கக் கடினமானது வேலைக்கான கணக்கு. சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம்' திட்டம் ஏற்கிறது. மைதானத்தில் அடிபட்டவர் அதன் வரம்பில் இல்லை, அவர் இழக்கும் தேர்வுக்கும் ஈடு கிடையாது. தேர்வு நடத்தும் நிறுவனங்கள் தலையடியால் விலகியவருக்கு மறு வாய்ப்பு தர முடியுமா, தந்தால் அதையும் தவறாகப் பயன்படுத்துவார்களா என்ற விவாதம் இன்னும் தொடங்கவே இல்லை. அது தொடங்கும்வரை மருத்துவர்கள் சொல்லும் 21 நாளும் ஆட்டக்காரர் மனத்தில் ஓடும் 21 நாளும் வெவ்வேறாகவே இருக்கும்.